யன்னல் இல்லாத கபின்

கபின் மூன்று விலையில் இருக்கிறது.
யன்னலே இல்லாதது,
யன்னல் இருந்தும் உயிர்காப்புப் படகு மறைப்பது,
கடல் முழுசாய்த் தெரிவது.
குகதாசன் எல்லாக் குரோனரையும் முப்பதால் பெருக்கிப்
பச்சைக் கொப்பியில் எழுதுகிறார்.
வங்கியில் முப்பத்தொரு வருஷம் இருந்தவர்,
சொந்தக் காசை எண்ணும்போது மட்டும்
உதடு அசையும்.

ஒரு கோப்பி ஆயிரத்து ஐந்நூறு.
ஒரு கிண்ணம் மீன் சூப்
ஆறாயிரத்து அறுநூறு.
"சூப் குடிக்காட்டிச் சாகமாட்டம்."
"கோப்பி?"
கொஞ்சம் யோசித்தார்.
"காலமைச் சாப்பாட்டோட சும்மா தருவினம்.
பிளாஸ்க் கொண்டு போவம்."

மார்ச் என்றால் விலை இறங்குமாம்.
குளிர் இறங்காது.
புறக்கோட்டை நடைபாதையில் இரண்டு தடித்த சட்டை வாங்கினோம்.
கட்டுநாயக்காவில் தைத்து
கைத் தையல் கோணியதால்
கப்பலேறாமல் தங்கிப்போனவை.
விற்றவர் வேர்க்க வேர்க்கத் தானே போட்டுக் காட்டினார்.
"எந்தப் பனிக்கும் இது அசையாது மேடம்."
அவரும் பனியைப் பார்த்தவரில்லை.

நாங்கள் வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடி.
கடல் தெரியும் என்று
அப்போதே நாலு லட்சம் கூடக் கொடுத்தோம்.
இப்போது முன்னால் பதினொரு மாடி நிற்கிறது.
இரண்டு சுவருக்கிடையில்
சேலைக் கரை அகலத்துக்குக் கடல்.
கோட்டைக்குப் போகிற ரயில்
அதையும் ஒருதரம் துடைத்துவிட்டுப் போகும்.
யன்னலுக்குக் காசு கொடுத்து
எங்களுக்குப் பழக்கம் உண்டு.
ஆகவே முதலாவது கபின் என்று முடிவாயிற்று.
மேல்தட்டு எல்லோருக்கும் பொது.
காற்றுக்குக் கட்டணம் இல்லை.

முப்பதுக்கு மேல் துறைகள்.
சிலதில் மூன்று நாலு மணித்தியாலம்;
பஸ்ஸில் ஏற்றி மலை காட்டுவார்கள், அது வேறு காசு.
எனக்கு ஒன்றுதான் வேணும் என்றேன்.
இரவு ஒன்றே முக்காலுக்கு வந்து
இரண்டு மணிக்குப் புறப்படுகிற துறை.
அண்ணன் அதன் பெயரைச் சொன்னால்
இருமல் மாதிரி இருக்கும்.

எண்பத்தெட்டில் போனவர்.
பன்னிரண்டு வருஷம் அங்கே மீன் வெட்டினார்.
தலை ஒரு பெட்டி, ஈரல் ஒரு பெட்டி.
விரல் விறைத்தால்
வெட்டுப்பட்டது பிறகுதான் தெரியுமாம்.
எனக்கு வந்த கடிதங்களில் அதெல்லாம் இல்லை.
"இங்கு நலம். குளிர் பழகிவிட்டது.
உன் சோதனைக் காசு இத்துடன்."
இந்தப் பல்கனியின் முதல் தவணையும்
ஒரு 'இத்துடன்' தான்.

இப்போது ஒஸ்லோவில் இருக்கிறார்,
இரண்டு முழங்காலும் மாற்றியாயிற்று.
நேற்று வட்ஸ்அப்பில் சொன்னேன்.
திரையில் நெற்றி மட்டும் தெரிந்தது.
"விசரே உனக்கு?
காசு குடுத்து அங்க போய்ப் பார்க்க என்ன கிடக்கு?"
"உலகத்திலேயே வடிவான கரையாம் அண்ணை."
"ஆர் சொன்னது?"
"கப்பல்காரன்."
சிரித்தார். அல்லது தொண்டையைச் செருமினார்.
"எனக்குத் தெரியாது பிள்ளை.
வேலைக்குப் போகேக்க இருட்டு, வரேக்க இருட்டு.
உள்ளுக்க யன்னல் இல்லை."

பிறகு மருமகளின் பிள்ளைப்பேறு,
இங்கத்தைய தேங்காய் விலை,
குகதாசனின் பிரஷர்.
வைக்கப்போகிற நேரத்தில்
"எத்தினை மணிக்கு எண்டனி?"
"ஒண்டே முக்கால்."
"இறங்குதுறைக்கு இடப்பக்கம் ஒரு நீலக் கதவு.
இப்ப இருக்குதோ தெரியாது."

போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.
எதிர் மாடியில் யாரோ துவாய் காயப் போட்டதில்
மிச்சக் கடலும் மறைந்தது.
குகதாசன் ஒன்றும் கேட்கவில்லை.
கொப்பியின் முதல் வரியை வெட்டினார்,
மூன்றாவது விலையைத் திரும்பவும்
முப்பதால் பெருக்கத் தொடங்கினார்.
உதடு அசைந்தது.